கடைசி பெஞ்சுக்குத் தெரியாத படம்



நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுசாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டு "அருமை டீச்சர்", "சூப்பர் அத்தை" என்று போட்டுவிட்டுப் போக வேண்டாம். இந்தப் பதிவே அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான்.

போன வாரம் என் தம்பி மகன் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் போட்டான். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷமாக வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து அவன் செய்த கம்ப்யூட்டர் கேமின் அட்டைப் படம் அது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் இன்னும் ஆறு வாரத்தில் அந்த கேம் விற்பனைக்கு வருகிறது. நாம் புத்தகக் கடையில் அட்டையைப் பார்த்து ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கிற மாதிரி, அந்தக் கடைக்கு வருகிறவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் உள்ளே போவார்கள்.

படம் வந்த பத்து நிமிஷத்தில் ஹார்ட்டின் மழை. "மாஸ்", "வேற லெவல்", "கலக்கு மாப்ளே". முதல் ஹார்ட்டின் போட்டவள் நான்தான். கண்ணாடி போடாமலே போட்டேன்.

ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். தூக்கம் போய்விட்டது. அந்தப் படம் தப்பு. நாம் நாற்பது பேரும் சேர்ந்து அந்தப் பிள்ளையை ஏமாற்றியிருக்கிறோம். அவனிடம் கேட்டு, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவன் கேமைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் "கடைசி பஸ்". ராத்திரி ஒன்பதரைக்கு டவுனிலிருந்து கிராமங்களுக்குப் போகிற கடைசி பஸ்ஸில் நாம் கண்டக்டர். டிக்கெட் கிழிக்க வேண்டும், சில்லறை கொடுக்க வேண்டும், யார் எங்கே இறங்குவார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து காசில்லாமல் ஏறுகிற அம்மாவை இறக்கிவிடுவதா, நம் பையிலிருந்து போட்டுக் கணக்கை நேர் செய்வதா என்று நாம் முடிவெடுக்க வேண்டும். எனக்கு விளையாடிக் காட்டினான். வாட்டர் டாங்க் ஸ்டாப்பில் ஒரு கிழவர் இறங்கும்போது என் கண் கலங்கிவிட்டது. என் அப்பாவும் கண்டக்டர்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

இப்போது அட்டைப் படம். நெருப்பு. மின்னல். சட்டை கிழிந்த ஒரு ஆள், கையில் அரிவாள். பின்னால் தலைகீழாகப் பறக்கிற பஸ். சுற்றி ஏழெட்டு முகங்கள். மேலே தலைமுடி மாதிரி மெல்லிய எழுத்தில் பெயர். ஏஐயிடம் சொல்லிப் போட்ட படமாம். பஸ்ஸின் நெற்றிப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தமிழ் மாதிரி இருக்கிறது, தமிழ் இல்லை. சுழியும் கொம்பும் இருக்கிறது, எழுத்து இல்லை. ஊர்ப் பெயர்களையே உயிராக வைத்துச் செய்த கேமுக்கு, ஊர்ப் பெயர் இல்லாத பஸ்!

"உனக்கு கேமைப் பற்றி என்ன தெரியும் அக்கா?" என்று என் தம்பியே கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கு கேம் தெரியாது. ஆனால் படம் காட்டுவது தெரியும். ஆசிரியர் பயிற்சி இரண்டு வருஷமும் நான் அதிகம் படித்தது அதைத்தான். சார்ட், மின்னட்டை, சுருள் பலகை. பயிற்சி வகுப்பு எடுக்கும்போது எங்கள் விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் போய் உட்காருவார். நான் சார்ட்டைத் தூக்கிப் பிடித்தால் அங்கிருந்தே, "இங்கே ஒன்றும் தெரியவில்லை, கீழே வை" என்பார். அழகாக வரைந்திருக்கிறேனா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கடைசி பெஞ்சுக்குத் தெரியாத சார்ட் வெறும் காகிதம், அவ்வளவுதான்.

அந்த இணையக் கடையில் எல்லாருமே கடைசி பெஞ்சுதான். ஸ்டீம் கேட்கிற சின்ன அட்டைப் படத்தின் அளவு 462 × 174 பிக்சல். அதையும் சுருக்கி, சில இடங்களில் 120 × 45 பிக்சல் வரை சின்னதாகக் காட்டுகிறார்கள். சாதாரணக் கம்ப்யூட்டர் திரையில் அது இரண்டு கட்டைவிரல் நகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுதான் வரும். நம் பக்கத்துத் தீப்பெட்டி லேபிள் அதைவிடப் பெரிது! 2024ஆம் ஆண்டு மட்டும் அந்தக் கடைக்கு வந்த புது கேம்கள் 18,000க்கு மேல். ஒரு நாளைக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் ஒருவர் கண் நம் படத்தின் மேல் நிற்பது ஒரு நொடியோ அரை நொடியோ. அதற்குள் அது பேசிவிட வேண்டும்.

நான் ஒரு சோதனை செய்தேன். படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி, ஆறு பேரிடம் காட்டினேன். பால்காரர், எதிர்வீட்டுப் பிளஸ் டூ பெண், மருந்துக்கடைத் தம்பி, இப்படி. "நல்லா இருக்கா?" என்று கேட்கவில்லை. "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்டேன். "சண்டைப் படமா டீச்சர்?" "பட்டாசுக் கடை விளம்பரமா?" "ஐயனார் சாமியா?" ஒருவர்கூடப் பஸ் என்று சொல்லவில்லை. கண்டக்டர் என்று சொல்லவில்லை. பெயரை ஒருவராலும் படிக்க முடியவில்லை.

இதைக் குரூப்பில் போட்டதும் நீங்கள் சொன்ன பதில்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

"உள்ளே சரக்கு நல்லா இருந்தா போதும், அட்டை எதுக்கு?"

இதைச் சொன்ன மாப்பிள்ளை ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கண்ணாடி அலமாரியில் பொம்மைக்குப் பட்டுச் சேலை கட்டி லைட் போட்டு வைத்திருக்கிறார். மாப்பிள்ளை, உங்கள் சேலை மட்டும் சரக்கு இல்லையா? உள்ளே வந்தவருக்குத்தானே சரக்கு தெரியும்? பாடம் எடுக்கிறவர்களுக்கு இது முதல் வருஷமே தெரியும். பாடக் குறிப்பில் முதல் படி "ஆர்வமூட்டல்". அது பாடத்துக்கு வெளியே ஒட்டிய அலங்காரம் கிடையாது. அதுதான் பாடத்தின் வாசல். வாசல் அடைத்திருந்தால் உள்ளே விருந்தே வைத்திருந்தாலும் யார் வருவார்?

"மாஸா இருந்தாத்தான் விக்கும்."

இதுதான் பெரிய விஷம். அமைதியான கேமுக்கு அரிவாள் படம் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? சண்டை கேம் தேடுகிறவன் வாங்குவான். அரை மணி நேரம் டிக்கெட் கிழித்துப் பார்ப்பான். எரிச்சலாகி விடுவான். ஸ்டீம் கடையில், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அவன் கேட்பான், வாங்கிக்கொள்வான். போகிற போக்கில் "ஏமாற்று" என்று எழுதிவிட்டும் போவான். அதே நேரம், ராத்திரி தனியாக உட்கார்ந்து ஒரு கிழவரின் கதையைக் கேட்க ஆசைப்படுகிறவர், அரிவாளைப் பார்த்ததும் நகர்ந்துவிடுவார். வரக் கூடாதவர் வந்தார். வர வேண்டியவர் வரவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம்.

உலகத்தில் இந்தக் கூத்து ஏற்கெனவே நடந்திருக்கிறது. தம்பி மகனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1987இல் கேப்காம் என்ற ஜப்பான் கம்பெனியின் மெகா மேன் கேம் அமெரிக்காவுக்குப் போனது. உள்ளே இருப்பது கையே பீரங்கியாக மாறுகிற ஒரு குட்டி நீல ரோபோப் பையன். அமெரிக்க அட்டையிலோ நடுத்தர வயது ஆள் ஒருவர், கையில் கைத்துப்பாக்கியோடு கோணலாக நிற்கிறார். மோசமான அட்டை என்றால் இன்றும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். பிற்பாடு அந்தக் கம்பெனியே அதைக் கிண்டல் செய்து, அந்தத் தொப்பை ஆளை 2012இல் வேறொரு கேமில் ஒரு பாத்திரமாகவே கொண்டுவந்தது. பெரிய கம்பெனி, சிரித்துவிட்டுப் போகலாம். நம் பையனால் முடியுமா?

விளம்பரத்திலும் இதே கதைதான். ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் என்ற போன் கேம்களின் விளம்பரத்தில் ஊசியை இழுத்து ஆளைக் காப்பாற்றுகிற புதிர் வரும். இறக்கிப் பார்த்தால் பெரும்பாலும் வேறு விளையாட்டு. 2020இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, இது மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று சொல்லி அந்த விளம்பரங்களுக்குத் தடை போட்டது.

இதற்கு என் தம்பி மகன் ஒரு நல்ல எதிர்க்கேள்வி கேட்டான். "அத்தை, 1977இல் வந்த அடாரி மெஷின்ல திரையில வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும். ஆனா பெட்டி மேல பெரிய ஓவியர்களை வச்சுப் பிரமாதமா வரைஞ்சாங்க. அது பொய் இல்லையா?" யோசித்துப் பார்த்தேன். அது பொய் இல்லை. டாங்க் கேமின் பெட்டியில் டாங்க்தான் இருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போது மனதில் எதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த ஓவியம் சொல்லிக் கொடுத்தது. முதல் வகுப்பில் "அ" பக்கத்தில் அம்மா படம் போடுகிற மாதிரி. மிகைப்படுத்தலாம். ஆளை மாற்றக் கூடாது.

இன்னொன்றும் சொன்னான். பயோஷாக் இன்ஃபினிட் என்ற 2013ஆம் ஆண்டு கேமின் அட்டையில் வெறுமனே துப்பாக்கியோடு ஒரு ஆள். ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதைச் செய்த கென் லெவின், நம்மை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக அட்டை போடவில்லை, தெரியாதவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று போட்டோம் என்கிற மாதிரி பதில் சொன்னாராம். நியாயமான பேச்சு. ஆனால் அந்த கேமில் உண்மையிலேயே துப்பாக்கிச் சண்டை இருக்கிறது. "கடைசி பஸ்"ஸில் அரிவாள் எங்கே இருக்கிறது?

அதே 2013இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற கேம். ஒரு மனிதரும் எல்லி என்ற சிறு பெண்ணும் சேர்ந்து போகிற கதை. அட்டையில் பெண் முன்னால் இருந்தால் விற்காது, பின்னால் தள்ளுங்கள் என்றார்களாம். செய்தவர்கள் மறுத்துவிட்டார்கள். எல்லி முன்னாலேயே நின்றாள். கேம் உலகமெல்லாம் விற்றது. நம் வீட்டுப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கிறது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், சமையல், பிள்ளை தமிழை மறப்பது. இதை வைத்து "வெண்பா" என்று பெயரிட்டே ஒரு கேம் 2023இல் வந்தது. அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுக கேம் என்று அதற்கு விருது கொடுத்தது. தோசைக்கும் புட்டுக்கும் உலகத்தில் இடம் இருக்கும்போது ஒரு கண்டக்டருக்கு இருக்காதா?

"ஏஐ சும்மாவே போட்டுத் தருதே, ஓவியருக்கு ஏன் காசு?"

சும்மா வருவது சும்மாதான் இருக்கும். அது ஆயிரம் சண்டைப் படத்தைப் பார்த்து ஆயிரத்து ஒன்றாவதைப் போட்டுத் தருகிறது. கூட்டத்தில் தனியாகத் தெரிய வேண்டிய படத்தை, கூட்டத்தைப் பார்த்து வரைகிறவனிடம் கேட்டால் எப்படி? தவிர, ஏஐ கொண்டு செய்தது இருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியிலிருந்து ஸ்டீமில் விதி இருக்கிறது. அது வாங்குகிறவர் கண்ணில் படும். மூன்று வருஷம் கையால் செய்த பிள்ளையைப் பார்த்து, "இதுவும் மெஷின் போட்டதோ?" என்று வருகிறவன் சந்தேகப்படுவான். அம்மா சங்கிலியை அடகு வைத்துச் செய்த வேலைக்கு இந்தப் பெயரா வேண்டும்?

"குறை சொன்னா பிள்ளை மனசு உடைஞ்சிரும்."

இது நான் சொன்னது. குரூப்பில் சொல்லவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பத்து நான்கு வருஷம் சிவப்பு மையில் திருத்தியவள், சொந்தப் பிள்ளை என்றதும் ஹார்ட்டின் போட்டேன். திருத்தாத நோட்டு அன்பான நோட்டா? பரீட்சை முடிந்த பிறகு தப்பு தெரிந்தால் யாருக்கு லாபம்? ஆறு வாரம் கழித்து, வாங்க ஆள் இல்லாமல் அந்தப் பிள்ளை மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது நம் ஹார்ட்டின் எந்தக் கடனை அடைக்கும்?

சரி, குறை சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை நான். வழியும் சொல்கிறேன். கேம் செய்கிற என் மாணவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கும் சேர்த்து.

ஒன்று: ஒரு படத்துக்கு ஒரு சங்கதி. ஏழு முகம் போட்டால் ஒரு முகமும் தெரியாது. நம் பக்கத்துப் பழைய தீப்பெட்டி லேபிள்களைப் பாருங்கள். ஒரு சேவல், ஒரு மயில், ஒரு சைக்கிள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் "சேவல் பெட்டி குடு" என்று கேட்டு வாங்கினார். ஹாலோ நைட் என்ற கேமின் அட்டையைப் பையன் காட்டினான். இருட்டில் கொம்பு வைத்த ஒரு வெள்ளை முகமூடி. நகத்தளவு சுருக்கினாலும் தெரிகிறது.

இரண்டு: விளையாடுகிறவன் உள்ளே என்ன செய்வானோ, எதை உணர்வானோ, அதைக் காட்டு. 2001இல் வந்த ஈகோ என்ற கேமுக்கு அதன் இயக்குநர் ஃபுமிட்டோ உவேடாவே ஜப்பான் அட்டையை வரைந்தார். பெரிய வெறுமையான கட்டடம், நீண்ட நிழல், கைகோத்து ஓடும் இரண்டு சின்ன உருவம். கேமின் தனிமை முழுவதும் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் பையனைப் பெரிதாகப் போட்ட வேறொரு படத்தை வைத்தார்கள். இன்றைக்கும் ரசிகர்கள் கொண்டாடுவது முதல் படத்தைத்தான்.

மூன்று: பெயர் படிக்கும்படி இருக்கட்டும். தடித்த எழுத்து. எழுத்துக்குப் பின்னால் கசகசப்பு வேண்டாம். படத்தை கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணை இடுக்கிப் பார். பெயரும் உருவமும் அப்போதும் பிரிந்து தெரிந்தால் பாஸ்.

நான்கு: கடை பல அளவில் படம் கேட்கும். ஒன்று படுக்கை வாட்டம், ஒன்று 600 × 900 என்று நெட்டுக்குத்தாக. ஒரே படத்தைக் கத்தரித்துத் தள்ளாதே. ஒவ்வொரு அளவுக்கும் உருவத்தையும் பெயரையும் திரும்ப அடுக்கு.

ஐந்து: "விருது பெற்றது", "சலுகை விலை" என்றெல்லாம் அட்டையில் எழுதாதே. கேமின் ஓவியமும் பெயரும்தான் இருக்கலாம் என்று 2022 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஸ்டீமிலேயே விதி. நல்ல விதி. கரும்பலகையில் பாடம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

ஆறு: உன் படத்தை அதே ரகத்துக் கேம்கள் பத்தின் நடுவில் வைத்துப் பார். தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகுதான். பிறகு முன்பின் தெரியாதவர்களிடம் காட்டி, "என்ன தெரியுது?" என்று கேள். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதே. நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 1994 செட்டில் என்னிடம் படித்த ஒருவன் சுவர் விளம்பரம் எழுதுகிறவன். ஃப்ளெக்ஸ் பேனர் வந்த பிறகு வேலை குறைந்து போய்விட்டது. அவனைத் தம்பி மகனோடு உட்கார வைத்தேன். கேமை முழுசாக விளையாட வைத்தேன். "ஓடுற பஸ்ஸில இருந்து படிக்கிற மாதிரி எழுதித்தானே டீச்சர் பழக்கம், நிக்கிறவனுக்கு எழுதுறது பெரிய விஷயமா?" என்றான். ஒரு மணி நேரத்தில் பென்சிலால் எட்டுப் படம் கிறுக்கினான். எல்லாம் தீப்பெட்டி அளவு. ஏழை அடித்துவிட்டோம். மிஞ்சியது இது: முழு இருட்டு. நடுவில் விளக்கெரிகிற ஒரே ஒரு பஸ் ஜன்னல். அதில் விரலிடுக்கில் டிக்கெட் கட்டு பிடித்த கண்டக்டரின் கை. கீழே தடித்த மஞ்சள் எழுத்தில் "கடைசி பஸ்".

அதே ஆறு பேரிடம், அதே அளவில் காட்டினேன். பால்காரர் சொன்னார்: "ராத்திரி பஸ்ஸு. யாரோ டிக்கெட் கேக்காங்க." பிளஸ் டூ பெண் பெயரைப் படித்துவிட்டு, "இதுல யாரு டீச்சர் ஏறுவா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தானே அவன் மூன்று வருஷம் உழைத்தான்.

முதல் நாள் தம்பி மகனுக்கு என் மேல் கோபம். "அத்தை, எல்லாருக்கும் புடிச்சிருக்கு, உங்களுக்கு மட்டும் ஏன்?" என்றான். சாப்பிடாமல் எழுந்து போனான். நேற்றுப் புதுப் படத்தின் வண்ண வேலைக்குத் தன் மாணவ அண்ணனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று என்னிடமே யோசனை கேட்டான். "உன் மூணு வருஷத்துக்கு யாராவது சும்மா கேட்டா என்ன சொல்வியோ, அதை மனசுல வச்சுக் குடு" என்றேன். தொகை பேசி, எழுதிக் கையெழுத்துப் போட்டு, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டான்.

பழைய படம், புதுப் பென்சில் படம் இரண்டையும் சின்ன அளவிலேயே கீழே போட்டிருக்கிறேன். பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். ஹார்ட்டின் போடாதீர்கள். ஒரு நொடி பார்த்துவிட்டு, என்ன தெரிகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் "ஒன்றும் தெரியவில்லை டீச்சர்" என்று எழுதுங்கள். என் வகுப்பில் அதைச் சொன்னதற்காக நான் யாரையும் அடித்ததில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்